அலுமாரிக்கு நீலப் பை

நாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஜூலை மாதம், பாரிஸில் லா சப்பெல்லில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. அந்த மாதம் முழுக்கக் கடும் வெயில். எங்கள் வீடு நாலாம் மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். யன்னலைத் திறந்தால் மேம்பாலத்தில் மெத்ரோ போவது தெரியும். அந்த நாட்களில் திறந்தால் வெக்கைதான் உள்ளே வரும் என்பதால், பகல் முழுக்க மரக்கதவுகளை அரைவாசி சாத்தி வைத்திருப்போம். அந்த அரை இருட்டில் ஒவ்வொரு மெத்ரோ போகும்போதும் கட்டில், மேசை, பேணியில் இருக்கும் தண்ணீர் எல்லாம் மெல்ல ஒருமுறை நடுங்கி அடங்கும். இப்போது நினைத்தாலும் அந்த மாதத்தைத் தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்த மாதிரித்தான் இருக்கிறது.

எனக்கு அது பெரிய வருஷம். பல்கலைக்கழகத்தில் பார்மசிப் படிப்பின் முதலாம் ஆண்டைத் தாண்டியிருந்தேன். இங்கே அந்த முதலாம் ஆண்டுதான் கழுத்தறுப்பு. என்னோடு மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அப்பா இரண்டாம் வகுப்பில் விட்டவர். அண்ணா வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்ததில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு தவணை முழுதாக இருந்ததில்லை, பதினேழு வயதில் இங்கே வந்ததும் நேரே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனவர். நான் ஒன்பது வயதில் வந்தேன். அதனால் எனக்குப் படிப்புக் கிடைத்தது. அந்தப் பெருமை இன்றும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

பரீட்சை முடிவு வந்த அன்று அம்மா தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனேயில் மரக்கறி வாங்கப் போய், ஒரு கடை விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பிறகு நான் போனபோது மரக்கறிக் கடை அண்ணை, "தங்கச்சி, இனிக் காய்ச்சல் குளிசை எங்களுக்குச் சும்மாவோ?" என்று கேட்டார். "இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு அண்ணை" என்றேன். "அதுவரைக்கும் காய்ச்சலைத் தள்ளிப் போடுறன்" என்று சொல்லி ஒரு பிடி கறிவேப்பிலையைக் காசில்லாமல் போட்டுத் தந்தார்.

அப்போது என் அண்ணி நாலு மாதக் கர்ப்பிணி. வன்னியிலிருந்து கலியாணம் செய்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒருமுறை வயிற்றில் தங்கி மூன்றாம் மாதமே இல்லாமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஆனால் இந்தமுறை அண்ணி படியில் இறங்கினால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாலு மாடியும் இறங்கி முடிந்த பிறகுதான் மூச்சை விடுவார்.

அண்ணிக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. சோறு வேகும் மணம் பிடிக்காது, மெத்ரோ மணம் பிடிக்காது, அண்ணா உணவகச் சமையலறையிலிருந்து கொண்டுவரும் எண்ணெய் மணம் பிடிக்காது. பாவம் அண்ணா, வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி ஒரு பைக்குள் கட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அண்ணிக்கு நித்திரையும் இல்லை. மெலிந்துகொண்டே போனார். கவனித்துவந்த மருத்துவிச்சி, இன்னும் ஒரு கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்ற வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அந்த 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணியின் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். போனமுறை அவரை அங்கேதான் வைத்திருந்தார்கள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முற்றத்துப் பக்கம், ஒரு சின்ன அறையில் சீனப் பெண் ஒருவர் தையல் திருத்த வேலை செய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லாருடைய சேலைச் சட்டையும் அவர் கையால் ஒருமுறையாவது பிரித்துத் தைக்கப்பட்டிருக்கும். எங்கள் உடம்பு எப்படி ஏறி இறங்கும் என்று எங்களை விட அவருக்குத்தான் தெரியும் என்று அம்மா சொல்வார். அம்மா அவரைத் 'தையல் தங்கச்சி' என்பார். அவருக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான். அம்மாவுக்கும் கொஞ்சம்தான். இருவரும் சட்டையை நடுவில் பிடித்துக்கொண்டு கையாலேயே கதைத்து முடிப்பார்கள்.

மிச்சம் விழும் துணித் துண்டுகளை அவர் எறிவதில்லை. காஞ்சிபுரம் பட்டின் கரைத்துண்டு, சட்டைத் துணியின் மூலைத்துண்டு, எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளாகத் தைப்பார். உள்ளே காய்ந்த இலை, வேர், பட்டை என்று ஏதேதோ அடைத்து, சிவப்பு நூலால் வாயைக் கட்டி, நுனியில் ஒரு குஞ்சம் விடுவார். அவருடைய அறைக்குள் போனால் அவை எங்கும் தொங்கும். யன்னல் கொளுக்கியில் ஒன்று, நுளம்பு கடிக்காமல் இருக்க. கைப்பையின் சிப்பில் ஒன்று. துணி அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில் இரண்டு, பூச்சி அரிக்காமல் இருக்க. கோடை தொடங்கும்போது அவர்களுடைய ஏதோ ஒரு பண்டிகைக்கு வாசலில் ஒன்று தொங்கும், ஒரு பிடி காய்ந்த இலையோடு. அந்த அறையைக் கடக்கும்போது யாருக்கும் நடை கொஞ்சம் மெதுவாகும். என்ன மணம் என்று சொல்ல முடியாது. கராம்பு போல இருக்கும், பழைய புத்தகம் போல இருக்கும், மழைக்கு முந்திய காற்றுப் போலவும் இருக்கும்.

ஒருநாள் மருத்துவிச்சியிடம் போய்விட்டு வந்த அண்ணி, ஏற முடியாமல் முதலாவது மாடிப் படியில் தலையைக் கம்பியில் சாய்த்து இருந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே கதவு திறந்தது. தையல்காரப் பெண் ஏறி வந்து, ஒன்றும் கேட்காமல், அண்ணியின் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பையை வைத்து, அந்தக் கையை மடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார். அண்ணி ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "குளிருது தங்கச்சி. உள்ளுக்குள்ளை குளிருது" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அண்ணி மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டார். அம்மா இரண்டு தடவை போய் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். வீடு முழுக்க அமைதி. அந்த மணம் அறையிலிருந்து மெல்ல வழிந்து கூடத்துக்கு வந்தது. நானும் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடியே தூங்கிப் போனேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு கிழமை கழித்து, அண்ணியின் சட்டையைப் பெரிதாக்கக் கொடுப்பதற்காகக் கீழே போனேன். ஆகஸ்டில் திரான்சியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம் இருந்தது. சட்டையை வாங்கி வைத்துவிட்டு அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு பைகளை எடுத்தார். ஒன்று சின்னப் பச்சைப் பை, கயிறு வைத்தது. மற்றது உள்ளங்கையை நிறைக்கும் பெரிய நீலப் பை. அண்ணிக்கு என்று சைகை காட்டிவிட்டுப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடித்தான் எடுப்பார்.

"பச்சை... பையில். மெத்ரோ."

"ஓகே, மெத்ரோவில் மணக்க" என்றேன்.

"நீலம்... நீலம்... பிள்ளை..."

"பிள்ளைக்கு நல்லது. விளங்குது மதாம். நான் பார்மசி படிக்கிறேன். மெர்சி."

அவர் வாயைத் திறந்தபடி ஒரு கணம் நின்றார். கை எதையோ காட்ட உயர்ந்தது. நான் அதற்குள் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிரெஞ்சைத் திக்கித் திக்கிக் கதைக்கிறவர்களுடைய வசனத்தை நானே முடித்து வைத்துவிடுவேன். சின்ன வயதில் வந்த பிள்ளைகளுக்கு இது விளங்கும். வதிவிட அட்டைக்குப் போகும் பிரெபெக்சரில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், அம்மா ஒரு சொல்லைத் தேடத் தொடங்கும்போதே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவரின் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கம் வருவதற்கு முந்தி நான் பாய்ந்து மிச்சத்தைச் சொல்லிவிடுவேன். ஒன்பது வயதிலிருந்து இதுதான் என் வேலை. அதைக் கெட்டித்தனம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து அண்ணி தராசில் ஏறினார். இன்னும் முக்கால் கிலோ குறைந்திருந்தது. இறங்கிப் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் குசினியில் நானும் அம்மாவும் மட்டும். எங்கள் வீட்டில் மருந்து என்றால் குடிநீர்தான். காய்ச்சலுக்கு மல்லி, சளிக்கு வேர்க்கொம்பு, எதுவானாலும் எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்றக் காய்ச்சிக் குடிக்கிறது. மணந்து பார்க்கிற மருந்தை நாங்கள் கண்டதில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. வாசத்துக்கே மூன்று மணித்தியாலம் நித்திரை வருகிறது என்றால், காய்ச்சிக் குடித்தால் எவ்வளவு நல்லது?

நீலப் பையைத்தான் எடுத்தேன். பெரிது, மணமும் கூட. அதைப் பிரித்து ஒரு வெள்ளைப் பீங்கானில் கொட்டினேன். பார்மசிக்காரி அல்லவா, ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். கராம்பு தெரிந்தது. காய்ந்த தோடம்பழத் தோல் தெரிந்தது. ஒரு வேர்த்துண்டு, மணந்தால் அப்படியே வசம்பு. உப்புக்கல் மாதிரி இரண்டு வெள்ளைத் துண்டு.

"இது கற்பூரமெல்லோ?" என்று அம்மா கேட்டார்.

"பச்சைக் கற்பூரமாயிருக்கும். கோயில் தீர்த்தத்திலை போடுறதுதானே அம்மா."

"இந்த இலை?"

சாம்பல் பூத்த பச்சையில், பின்பக்கம் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்ட இலை. அதுதான் பையில் அரைவாசி. அது என்னவென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் அந்த நொடியைக் கடந்து போனேன்.

"துளசி மாதிரி ஒண்டு."

அம்மா இலையைக் கசக்கி மணந்தார். நெற்றியைச் சுருக்கினார். "கீழை போய்த் தையல் தங்கச்சியை ஒருக்கால் கேட்டுட்டு வாவன் பிள்ளை."

"அவவுக்குச் சொல்லத் தெரியாது அம்மா. கேட்டு முடிக்கப் பொழுதுபட்டிடும். நான் பாத்திட்டன், எல்லாம் சாப்பாட்டுச் சாமான்தான்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார். "நீ படிச்சனி. நீ சொன்னாச் சரிதான்."

குடிநீர் கொதிக்கத் தொடங்கியது. பைக்குள் அடங்கிக் கிடந்தபோது இருந்த மணம் வேறு, இது வேறு. ஆவி தடிப்பாக எழும்பி, கூரையில் முட்டி, மெதுவாக இறங்கியது. யன்னலால் வந்த ஒரு கீற்று வெயிலில் அது சுழன்று சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கனத்தது. வாசல் கதவைக் காற்றுக்காக ஒரு கட்டை வைத்துத் திறந்து விட்டிருந்தோம். ஆவி அந்த வழியாகப் படிக்கட்டுக்குப் போனது. எனக்கு அது அழகாக இருந்தது. ஒரு நதி மாடி மாடியாக இறங்கிப் போவதுபோல இருந்தது.

எட்டுக்கு ஒன்றாக வற்றியது. கறுத்த தேன் போல இருந்தது. அம்மா பனங்கட்டி போட்டு ஒரு சில்வர் பேணியில் நிறைய ஊற்றி, ஆற்றி, அண்ணியின் அறைக்குக் கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்.

"நல்ல நித்திரை. பிள்ளைத்தாச்சியை எழுப்பக் கூடாது. பக்கத்து ஸ்டூலிலை வைச்சிட்டு வந்தனான், எழும்பினவுடனை குடிக்கட்டும்."

அப்போதுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. வேகமாக, இடைக்கிடை தடுக்கி. தையல்காரப் பெண் வாசலில் வந்து நின்றார். ஒரு காலில்தான் செருப்பு. கழுத்தில் நாடா, நெஞ்சில் குத்தியபடி நூலோடு ஊசி. மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் வர அனுமதி கேட்கவில்லை. மணத்தைப் பிடித்தபடி நேரே குசினிக்குப் போனார். மேசையில் வெறுமையாகக் கிடந்த நீலத் துணியைப் பார்த்தார். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தார். சட்டியைத் தூக்கி மிச்சம் முழுவதையும் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "மதாம், இது எங்கள் வீடு" என்றேன். இன்றைக்கும் அந்த வசனத்தை நினைத்தால் காது சுடுகிறது.

"என்ன பிள்ளை செய்யிறா இவ?" என்று அம்மா கேட்டார்.

அந்தப் பெண் நீலத் துணியை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். "அலுமாரி" என்றார். விரல்களைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினார், துணி அரிக்கும் பூச்சி பறப்பதுபோல. பிறகு தன் வயிற்றில் கையை வைத்தார். "பிள்ளை... கிட்ட... வேண்டாம்." அந்தக் கை வயிற்றிலிருந்து மெதுவாகக் கீழே வழுக்கி விழுந்தது.

நாலு நாளுக்கு முந்தி நான் முடித்து வைத்த வசனம் அது. அவர் முடித்தால் அது இப்படித்தான் முடிந்திருக்கும்.

எனக்கு மண்டையில் ஏறுவதற்கு முந்தியே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அம்மா ஓடினார். அறைக்குப் போகும் நடைபாதை ஆறு எட்டு வைக்கும் தூரம்தான் இருக்கும். அன்றைக்கு அது எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் ஓடுகிறேன், கால் தரையில் படுவது தெரிகிறது, அறை மட்டும் வரவில்லை. கனவில் ஓடுவோமே, அந்த மாதிரி.

அறை அரை இருட்டு. அண்ணி ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, ஸ்டூலில் இருந்த பேணிக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. அம்மா குனியப் பயந்து அப்படியே நின்றார். நான்தான் குனிந்தேன். பேணி நிறைய இருந்தது. மேலே மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மெத்ரோ போனது. ஆடை ஒருமுறை நடுங்கிச் சுருங்கி, பிறகு உடையாமல் அப்படியே விரிந்து அடங்கியது. யாருடைய உதடும் அதில் படவில்லை.

அண்ணியின் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் சிவப்புப் பை நசுங்கிக் கிடந்தது. மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா அவரைத் தொட்டு உலுப்பினார். "பிள்ளை, இதைக் குடிச்சனியோ?"

அண்ணி கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் பார்த்தார். அம்மா, நான், ஒற்றைச் செருப்போடு ஒரு சீனப் பெண். "என்னத்தை மாமி?" என்றார். பிறகு, "விடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தையல்காரப் பெண் பேணியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். பிறகு அண்ணியின் தலையணையிலிருந்து சிவப்புப் பையை எடுத்து மணந்து பார்த்து, விரலால் அமுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து குடித்தார்கள். அம்மாவின் கோப்பை தட்டில் கிணுகிணு என்று சத்தம் போட்டது. அந்தப் பெண் தன் கையை அம்மாவின் கை மேல் வைத்ததும் சத்தம் நின்றது.

அம்மா என்னை ஏசவே இல்லை. அன்றைக்குச் சமைக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, "நான் போய்க் கேட்டிருக்கோணும். கையாலை கேட்டாலும் சொல்லியிருப்பா" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். நான் துளசி என்று சொன்ன இலை, எங்கள் ஊர் மாசிபத்திரியின் இனம். கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கக் கூடும் என்று எழுதியிருந்தது. வெள்ளைத் துண்டு தீர்த்தத்தில் போடுவதல்ல, துணிப் பெட்டியில் போடும் கற்பூரம். அது யார் குடித்தாலும் நஞ்சு. அதை நான் எட்டுக்கு ஒன்றாக வற்ற வைத்திருந்தேன். அடுத்த நாள் காலை மருத்துவிச்சியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அண்ணியின் வாயில் ஒரு துளியும் படவில்லைதானே என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, குடிக்காததுதான் பெரிய காரியம் என்று சொல்லி, அண்ணியை அன்றைக்கே வரச் சொன்னார். சத்தி எடுக்காமல் இருக்க ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள். அண்ணி பச்சைப் பையைக் கையில் சுற்றிக்கொண்டு மெத்ரோவில் போய் வந்தார். ஒரு கிழமையில் சோறும் பருப்பும் வயிற்றில் நின்றன. ஆஸ்பத்திரியில் வைக்கத் தேவைப்படவில்லை.

நான் கீழே போக நாலு நாள் எடுத்தது. குறிப்பெழுத ஒரு கொப்பியைக் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு சின்ன முக்காலியில் இருத்தி, தகரப் பெட்டியைத் திறந்தார். தலையணைக்கு எது, பைக்கு எது, அலுமாரிக்கு எது, மழைக்காலத்தில் வாசலுக்கு எது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் ஏன் தொங்கவிட வேண்டும், எத்தனை மாதத்தில் மணம் போகும், போனால் பிரித்து என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரு சொல்லுக்காக அவர் இரண்டு நிமிஷம் தேடிய இடங்களும் இருந்தன. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அறையின் மணமும் தையல் மெசினின் எண்ணெய் மணமும் முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் எனக்குக் கேட்கவும் மணக்கவும் தொடங்கின. கடைசியில் அவர் கண்டுபிடித்த சொல், நான் நினைத்து வைத்திருந்த சொல்லாக இருக்கவில்லை. நாலு இடத்தில் அப்படி நடந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு என் கையில் ஒரு நீலத் துண்டையும் ஊசியையும் தந்தார். நான் ஒரு பை தைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கோணி, மறுபக்கம் வாய் திறந்து கிடந்தது.

"பார்மசி நல்லது" என்றார் மெதுவாக, சொல்லுச் சொல்லாக. "தையல்... படிக்க வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் இருவரும் சிரித்தோம்.

குழந்தை பிறந்தது டிசம்பர் கடைசியில், பெண் பிள்ளை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அந்தப் பெண்ணும் வந்திருந்தார். பிள்ளையின் மணிக்கட்டில் எங்கள் வழக்கப்படி வசம்புத் துண்டைக் கோத்துக் கட்டியிருந்தோம். அவர் குனிந்து அதை மணந்து பார்த்து நிமிர்ந்தார். ஆச்சரியத்தில் புருவம் உயர்ந்தது. தன் கைப்பையில் தொங்கிய பையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து அதே வேரில் ஒரு துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா மணந்துவிட்டு, "வசம்பு" என்றார். அவர் தன் மொழியில் ஒரு சொல் சொன்னார். அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பிழையாக. அவர் வசம்பு என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் பிழையாக. பக்கத்தில் நின்ற நான் இருவரையும் திருத்தவில்லை.

இப்போது நான் ஐந்தாம் ஆண்டு. கிழமையில் இரண்டு நாள் ஒரு மருந்துக் கடையில் பயிற்சி. வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு நிமிரும். அம்மா வீதிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்லைத் தேடித் தேடித்தான் கதைப்பார்கள். என் மருமகளுக்கு மூன்றரை வயது, அவளும் அப்படித்தான். பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, அதைத் தேடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பாள். எங்கள் அலுமாரிக்குள் நான் தைத்த கோணல் நீலப் பை இன்னும் தொங்குகிறது, வருஷத்துக்கு ஒருமுறை உள்ளிருப்பதை மாற்றுவேன். யாராவது என் முன்னால் நின்று ஒரு சொல்லைத் தேடும்போது மிச்சத்தைச் சொல்லிவிட என் நாக்கு இன்றும் பாயும். அப்போது அந்தப் பேணியின் மேல் நடுங்கி, உடையாமல் அடங்கிய ஆடை கண்ணுக்குள் வரும், நான் பேசாமல் நின்று அவர்கள் முடிக்கும் வரைக்கும் கேட்பேன்.